சத்தியஜித் ரே

கல்கத்தா மாநகரின் வடபகுதியில் கார்ப்பார் சாலை என்பது ஒன்று. அச்சாலையில் 100 ஆம் எண்ணுள்ள இல்லம் வீடாகவும் அச்சகமாகவும் விளங்கியது. முன்பகுதியில் அச்சுப்பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எழுத்துக் கோப்போர் அறையும், படக்கட்டைகள் செய்யும் அறையும் அடுத்தடுத்து இருந்தன. அவ்வறைகளில் தன் விருப்பம்போல் ஓடியாடித் திரிந்தான் ஒரு சிறுவன். அங்கே எப்பொழுதும் கமழ்ந்த கர்ப்பூரத் தைலத்தின் மணம் அவன் முதியவனான பின்பும் நினைவை விட்டு அகலவில்லை. அச்சிறுவனே பிற்காலத்தில் இந்தியத் திரைப்படக் கலையின் புகழை உலகெங்கும் பரப்பிய சத்தியஜித் ரே ஆவார்.

அவர் 1921 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் நாள் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிசோர் பல கலைகளில் வல்லவர். குழந்தைகளுக்குக் கதைகள் எழுதினார். அவற்றிற்குத் தாமே படங்கள் வரைந்தார். நிழற்படங்களைத் தெளிவாக அச்சிடுதற்குரிய முறைகளை ஆராய்ந்து, அயல்நாட்டு வல்லுநரும் மதிக்கும் கட்டுரைகளை வெளியிட்டார். 1913 இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழையும் தொடங்கினார். தந்தையார் சுகுமார் ரே இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்று திரும்பியவர். அவர் எழுதிய நகைச்சுவைப் பாடல்களை வங்கக் குழந்தைகள் இன்றும் பாடி மகிழ்கின்றனர். ஆயின், மகன் பிறந்த ஆண்டிலேயே அவரைக் கொடிய காய்ச்சல் பற்றியது. நோய்ப்படுக்கையில் இருந்தவாறே எழுதியும் வரைந்தும் வந்த அவர், 1923 இல் தமது முப்பத்தாறாம் வயதில் காலமானார். சத்தியஜித்துக்கு அப்பொழுது மூன்று வயதும் நிரம்பவில்லை.

தலைவனை இழந்த குடும்பம் தளர்ந்தது. அச்சகம் கடனில் மூழ்கிச் சில ஆண்டுகளில் பிறர் கைக்கு மாறியது, வீடும் போயிற்று. அன்னையார் சுப்ரபா தம் ஒரே மகனை அழைத்துக்கொண்டு, நகரின் தென்பகுதியில் வாழ்ந்த தம் உடன்பிறந்தார் இல்லத்தை அடைந்தார். உடன்பிறந்தார் வீடாயினும் தாமும் உழைத்துப் பொருள் ஈட்ட வேண்டும் என்று எண்ணிய அவ்வம்மையார், கைம்பெண்கள் பயிலும் பள்ளி ஒன்றில் தையற்கலையும் கைத்தொழிலும் கற்பித்து வந்தார். நாள்தோறும் நெடுந்தொலைவு பேருந்தில் சென்று திரும்புவார். அன்னையின் இவ்வுழைப்பைக் கண்டு வளர்ந்தமையால், உறுதியான வருவாயின் அருமை மகனுக்கு இளமையிலேயே விளங்கிவிட்டது. அவரது வாழ்க்கையில் பின்னர் நேர்ந்த பெரிய தயக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பள்ளிப் பருவத்தில் அவருக்கு இரண்டு பொருள்களில் தீராத விருப்பம் இருந்தது. ஒன்று திரைப்படம், மற்றொன்று மேலைநாட்டு இசை. கையில் சேரும் சிறுகாசுகளைக் கொண்டு இசைத்தட்டுகளை வாங்குவார். மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றார். அப்பாடத்தில் அவர் மனம் ஒன்றவில்லை. பின்னர், அன்னையின் விருப்பத்திற்கு இணங்கி, 1940 இல் கவியரசர் தாகூரின் சாந்திநிகேதனத்தில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். நகர வாழ்வில் ஊறிய அவருக்கு அவ்விடம் செல்ல முதலில் விருப்பமே இல்லை. ஆயினும் அங்கே நந்தலால் போஸ், வினோத் விகாரி முகர்ஜி என்னும் இரு பெரும் ஓவியர்கள் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தனர். ஒரு மரத்தை வரையுமுன் அதன் அடியில் அமர்ந்து நெடுநேரம் நோக்கவேண்டும் என்பதை அங்கேதான் அவர் கற்றார். கிராமங்களை அணுகிப் பார்த்ததும் அங்கேதான். கலைக்கூட நூலகத்தில் திரைப்படக் கலையைப் பற்றிய சில நூல்களும் இருந்தன. அவற்றை ஆழ்ந்து படித்தார். ஐந்தாண்டுப் பயிற்சியை முடிக்காமலே 1942 இல் கல்கத்தா திரும்பினார்.

1943 இல், ஆங்கிலேயர் நடத்திய விளம்பர நிறுவனம் ஒன்றில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் ஓவியராக அமர்ந்தார். வேலை அவருக்கு எளிதாய் இருந்தது. பதவியும் ஊதியமும் உயர்ந்தன. அத்துடன் 'சிக்னெட்' என்னும் புதிய பதிப்பகத்திற்கு நூலட்டைகள் வரைந்து கொடுத்தார். ஜவாஹர்லால் நேரு எழுதிய இந்தியாவின் வரலாற்று நூலுக்கு அட்டை வரைந்தவர் அவரே என்பதைப் பலர் அறியார்.

அப்பதிப்பகத்தார் ஒரு நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட விரும்பிப் படங்கள் வரையும் பணியை அவரிடம் ஒப்புவித்தனர். அதுவே விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதி 1929 இல் நூலாக வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'. நிச்சிந்திபூர் என்னும் சிற்றூரில் வறுமையில் வாடும் ஓர் அந்தணர் குடும்பத்தின் கதை அது. தந்தை ஹரிஹரர் புரோகிதர். எழுத்தாளராகும் கனவில் வாழ்பவர். தாய் சர்வஜயா அடுப்பெரிக்கும் கவலையில் உழல்பவள். துர்கா என்னும் சிறுமியும் அப்பு என்னும் அவள் தம்பியும் காட்டிலும் தோப்பிலும் ஓடித் திரிகின்றனர். பல்லிழந்த மூதாட்டி ஒருத்தி, அண்டி வாழும் உறவினளாய், வசை கேட்டும் சிரித்தும் காலம் கழிக்கிறாள். படங்களை வரைய வரைய, அக்கதை ஓவியரின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. இதனைத் திரைப்படமாக எடுத்தல் கூடும் என்று பதிப்பாளர் ஒருநாள் சொன்னார். அச்சொல் மனத்தின் ஒரு மூலையில் தங்கிவிட்டது.

1947 இல் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து கல்கத்தாத் திரைப்படக் கழகத்தை அவர் நிறுவினார். உயர்ந்த அயல்நாட்டுப் படங்களைத் தருவித்துப் பார்ப்பதும், அவற்றை ஆராய்ந்து பேசுவதும் கழகத்தார் பணி. 1949 இல் புகழ்பெற்ற பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார், கங்கைக் கரையில் படம் எடுக்கும் நோக்குடன் கல்கத்தா வந்தார். ரே அவரைத் தேடிச்சென்று கண்டார். விடுமுறை நாள்களில் உடன் சென்று இடங்களைக் காட்டினார். வாழைத் தோப்பும் குளமும் குடிசையும் அப்பெரியாரின் கண்களுக்கு வியப்பாய்த் தோன்றின. நாம் நாள்தோறும் கண்டு கவனியாது செல்லும் பொருள்களை அவர் நின்று நோக்கியதைக் கண்ட ரே, தாமும் புதுக்கண் கொண்டு பார்க்கத் தொடங்கினார். பதேர் பாஞ்சாலியைப் பற்றிய தம் எண்ணத்தை அவரிடம் கூச்சத்துடன் வெளியிட்டபோது, ரெனுவார் ஊக்கமூட்டினார்.

எனினும், எண்ணம் எண்ணமாகவே நின்றது. படம் எடுக்கப் பெரும்பொருள் வேண்டும். வீடு போன்ற அரங்குகளை அமைக்கும் கூடம் வேண்டும். பெயர்பெற்ற நடிகர் வேண்டும். இனிய பாடல்கள் வேண்டும். இவை இல்லாமல் படம் எடுத்தல் இயலாது என்பதே அக்காலத்தில் அத்தொழில் அறிந்தார் அனைவரும் கூறிய முடிவு. ரே கண்ட கனவிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை.

இந்நிலையில், 1950 ஆம் ஆண்டு, அவர் பணியாற்றிய நிறுவனத்தார் மேற்பயிற்சிக்காக அவரை இலண்டனுக்கு அனுப்பினர். விளம்பரத் துறையில் அவரை இன்னும் தேர்ச்சியுடையவர் ஆக்குவதே அவர்கள் நோக்கம். மனைவி பிஜயாவுடன் அவர் கப்பலேறினார். இலண்டனை அடைந்த சில நாள்களிலேயே ஒரு படக்கொட்டகைக்குச் சென்றார். அங்கே அன்று காட்டப்பட்டது 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படம். விட்டோரியோ டி சிக்கா 1948 இல் எடுத்தது.

அப்படத்தின் கதையைச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். உலகப்போர் முடிந்த காலம். உரோமாபுரியில் வேலையின்றித் திண்டாடுவோர் பல்லாயிரவர். அவர்களுள் ஒருவன் அந்தோனியோ. சுவர்களில் விளம்பரத்தாள் ஒட்டும் வேலை அவனுக்குக் கிடைக்கிறது; ஆனால் சைக்கிள் உள்ளவனுக்கே அவ்வேலை உரியது. அவன் சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கிறது. மனைவி தயங்காமல் வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை உருவி எடுத்து அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். முதல்நாள் வேலையில், ஏணிமீது நின்று அவன் தாள் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒருவன் அச்சைக்கிளைத் திருடிச் செல்கிறான். மறுநாள் முழுதும் தந்தையும், புரூனோ என்னும் சிறு மகனும் நகரெங்கும் அலைந்து தேடுகின்றனர். சந்தையில் தேடுகின்றனர், மழையில் நனைகின்றனர். திருடனைக் கண்டும் மெய்ப்பிக்க இயலவில்லை. மனம் நொந்த தந்தை, வழியில் மகனை அறைந்துவிடுகிறான். பின்னர் வருந்தி, இருக்கும் காசைக் கொண்டு உணவு விடுதியில் அவனுக்கு உணவு வாங்கித் தருகிறான். முடிவில், வேறு வழி காணாது, ஆளில்லாமல் நின்ற ஒரு சைக்கிளைத் தானே திருடுகிறான், உடனே பிடிபடுகிறான். கூட்டம் அவனைத் தாக்குவதை மகன் பார்க்கிறான். சிறுவனின் கண்ணீரைக் கண்டு சைக்கிளின் உரிமையாளர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். இருவரும் கூட்டத்தில் கலந்து மறைகின்றனர். படம் முடிகிறது.

இதில் அரசர் இல்லை, போர் இல்லை, காதற் பாட்டும் இல்லை. காணாமற் போனது ஒரு சைக்கிள். ஆயினும் அக்குடும்பத்திற்கு அதுவே வாழ்வு என்பதைக் காண்போர் உணர்கின்றனர். தந்தை வேடம் பூண்டவர் ஓர் ஆலைத் தொழிலாளி. அதற்கு முன் நடித்தறியாதவர். மகனாக நடித்த சிறுவனும் அவ்வாறே. பெரும்பாலான காட்சிகள் உரோமாபுரியின் உண்மைத் தெருக்களிலேயே எடுக்கப்பட்டவை.

கொட்டகையில் அமர்ந்திருந்த ரேயின் உள்ளம் உருகியது. உருகியதோடு நில்லாமல் விழித்துக்கொண்டது என்பதே பொருந்தும். கல்கத்தாவில் அறிஞர்கள் கூடாது என்று விலக்கிய ஒவ்வொன்றும் அவர் கண்முன் திரையில் நடந்துகொண்டிருந்தது. அரங்கு இல்லாமல் படம் எடுக்கலாம், மழையில் எடுக்கலாம், நடிப்புத் தொழில் அறியாதவரைக் கொண்டு எடுக்கலாம். உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளிக்காக இலண்டன் மக்கள் கண்ணீர் வடிப்பார்களாயின், நிச்சிந்திபூரின் ஏழைப் புரோகிதருக்காக ஏன் வடிக்கமாட்டார்கள்? கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது, பதேர் பாஞ்சாலியை எந்த வழியில் எடுக்க வேண்டும் என்னும் ஐயம் அவரைவிட்டு நீங்கியிருந்தது. தாய்நாட்டில் பல ஆண்டுகள் நூல்களைப் புரட்டியும் கிட்டாத விடை, பல்லாயிரம் மைல் விலகிய அயல்நாட்டில் ஒரு மாலைப்பொழுதில் கிடைத்தது.

இவ்விடத்தில் ஒன்று குறிப்பிடத்தக்கது. ரே டி சிக்காவைப் பார்த்துப் படி எடுக்கவில்லை. இத்தாலியப் படத்தின் கதை ஒரே நகரில் இரண்டு மூன்று நாள்களில் விரைந்து முடிவது. வங்கக் கதையோ மழையும் வெயிலும் மாறி மாறி வரும் பருவங்களோடு சேர்ந்து மெல்ல நகர்வது. வழிகாட்டியிடம் வழியைக் கேட்டறிந்து, தம் ஊருக்குச் சென்றவர் போன்றவர் அவர்.

இலண்டனில் தங்கியிருந்த ஏறக்குறைய ஆறு திங்களில் அவர் நூறு படங்கள் வரை பார்த்தார். பகலில் அலுவலகம், மாலையில் கொட்டகை. அலுவலகம் அவரைப் பயிற்சிக்காக அனுப்பியது; அவரும் பயின்றார்; பயின்ற பாடந்தான் வேறு.

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் கப்பலில் தாயகம் திரும்பினார். அந்நெடும்பயணத்தில் கடலையும் வானையும் பார்த்துக்கொண்டு பிறர் பொழுதுபோக்கினர். ரே குறிப்பேடும் எழுதுகோலும் கையுமாய் அமர்ந்து, பதேர் பாஞ்சாலியைத் திரைக்கேற்றவாறு வகுத்து எழுதத் தொடங்கினார். ஊர் திரும்பிய பின், காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களாக வரைந்தார். உரையாடல் முழுவதையும் எழுதிய திரைக்கதை நூல் ஒன்று இப்படத்திற்கு இருந்ததே இல்லை. அப்பட ஏடும், சில குறிப்புகளும், அவர் நினைவுமே இருந்தன.

கல்கத்தாவில் அவர் கேட்ட செய்தி துயரம் தருவதாய் இருந்தது. நாவலாசிரியர் விபூதிபூஷண் 1950 நவம்பர் முதல் நாளன்று மறைந்துவிட்டார். ரே அவர்தம் மனைவியாரை அடைந்து இசைவு வேண்டினார். முன்னரே ரேயின் ஓவியங்களை அறிந்திருந்த அவ்வம்மையார் மகிழ்ந்து இசைந்தார். திரைப்படமே எடுத்தறியாத இளைஞருக்கு இந்நூலை அளிப்பதா என்று பலர் அவரைக் கடிந்தபோதும், கொடுத்த வாக்கை அவர் மாற்றவில்லை.

பின்னர்த் தொடங்கியது படமுதலாளிகளின் வாயிற்படி ஏறி இறங்கும் படலம். ரே தம் பட ஏட்டைக் காட்டிக் கதை சொல்லுவார், அவர்கள் கேட்பார்கள், பாட்டு எத்தனை, நடிகை யார் என்று வினவுவார்கள். இரண்டுக்கும் விடை இல்லாமையால் பேச்சு அத்துடன் முடியும். மழையில் படம் பிடிக்க இயலாது என்று சிலர் சாதித்தனர். ரே சிறிய படக்கருவி ஒன்றை இரவல் பெற்று, மழைக்காலத்தில் ஒரு கிராமத்திற்குச் சென்று, மழையில் படம் எடுத்துப் பார்த்து, இயலும் என்று அறிந்துகொண்டார்.

இதனிடையே 1952 இன் தொடக்கத்தில் நம் நாட்டின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா நடைபெற்றது. பம்பாய், சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களில் படங்கள் காட்டப்பட்டன. அவற்றுள் 'சைக்கிள் திருடர்கள்' படமும் ஒன்று. நம் நாட்டுப் படக்கலைஞர் பலர் அதைக் கண்டு வியந்தது அப்பொழுதுதான்.

எவரும் பொருள் உதவ முன்வராமையால், ரே தம் ஆயுட்காப்புப் பத்திரத்தின் மேல் 7000 ரூபாய் கடன் வாங்கினார். உடன் சேர்ந்தவர்களும் அவரைப் போன்றவர்களே. ஒளிப்பதிவுக்கு வந்த சுப்ரதோ மித்ராவுக்கு வயது இருபதை ஒட்டியது. அதற்கு முன் அவர் நிழற்படம் எடுத்திருந்தாரேயன்றித் திரைப்படக் கருவியை இயக்கியதில்லை. கலை அமைப்பை ஏற்ற பன்சி சந்திரகுப்தாவும், படத்தொகுப்பை ஏற்ற துலால் தத்தாவும் மட்டுமே அத்தொழிலில் பழகியவர்கள்.

1952 அக்டோபர் 27 ஆம் நாள் படப்பிடிப்புத் தொடங்கியது. நாணல் பூத்து வெண்கடல் போல் அசையும் வெளியில் அப்பு தன் தமக்கையைத் தேடிச் செல்வதும், இருவரும் முதன்முதலாகப் புகைவண்டியைக் காண்பதுமான காட்சி அது. ஒருநாளில் ஒரு பகுதியே முடிந்தது. அலுவலக விடுமுறையை எதிர்நோக்கி, அடுத்த ஞாயிறன்று மீண்டும் அவ்விடம் சென்றனர். அங்கே நாணல் வெளியைக் காணவில்லை! இடைப்பட்ட நாள்களில் மாடுகள் அப்பூக்களையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. நாணல் மீண்டும் பூக்க ஓராண்டு ஆகும். அக்காட்சியின் எஞ்சிய பகுதியை எடுக்க அவர்கள் அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கல்கத்தாவை அடுத்த போரல் என்னும் சிற்றூரில் சிதைந்த வீடொன்றை வாடகைக்குப் பெற்றுப் படத்தைத் தொடர்ந்தனர். அப்பு வேடத்திற்குரிய சிறுவனை விளம்பரம் செய்து தேடியும் கிடைக்காமல், இறுதியில் பிஜயா அம்மையார் அண்டை வீட்டு மாடியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டு அழைத்து வந்தார். மூதாட்டியாக நடிக்க, மேடை நடிப்பைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்த சுனிபாலா தேவி வந்தார். அவருக்கு வயது எண்பது. நாள்முழுதும் வெயிலில் சலிக்காமல் நடித்த அவரைக் கண்டு இளைஞர்கள் நாணினர்.

மிட்டாய் விற்பவன் முன்னே செல்ல, அவனைத் தொடர்ந்து துர்காவும் அப்புவும், அவர்களைத் தொடர்ந்து ஒரு நாயும் செல்லும் காட்சி அப்படத்தில் உண்டு. நாய் ஒருவாறு பழகியது: துர்கா கையைப் பின்புறம் மறைத்து இனிப்பைப் பிடித்திருந்தாள்! பின்னொரு காட்சியை எடுக்கச் சென்றபோது அந்நாய் இறந்துவிட்டது என்று அறிந்தனர். அதே நிறமுள்ள வேறொரு நாயைத் தேடிப் பிடித்தனர். மிட்டாய் விற்பவராக நடித்தவரும் இடையில் இறந்துபோனார். அவரை ஒத்த உடற்கட்டுள்ள ஒருவரைக் கொண்டுவந்து, முகம் தெரியாதவாறு முதுகுப்புறத்தை மட்டும் காட்டி அக்காட்சியை முடித்தனர். படத்தைப் பார்ப்போர் இவ்வேறுபாட்டை அறிவதில்லை.

பணம் தீர்ந்தது. ரே தாம் அருமையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவியார் தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது. படப்பிடிப்பு நின்றது, மாதங்கள் உருண்டோடின. 1953 இல் அவருக்கு மகன் பிறந்தான். குடும்பத்தைக் காக்க விளம்பர அலுவலகத்தின் ஊதியம் ஒன்றே இருந்தது. ஆதலின் அவ்வேலையை அவர் விடவில்லை. நாள்தோறும் அலுவலகம் சென்று தேயிலைக்கும் பிற பொருள்களுக்கும் விளம்பரம் வரைந்தார். உள்ளமோ வேறொன்றை எண்ணி நடுங்கியது. அப்புவின் குரல் உடைந்துவிட்டால், துர்கா வளர்ந்துவிட்டால், எண்பது வயது மூதாட்டி கண்மூடிவிட்டால், எடுத்த படம் அத்தனையும் வீணாகும். இம்மூன்றும் நிகழாமல் இருந்ததைப் பெரிய வியப்பாகவே அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மகன் படும் துயரைக் கண்டு சுப்ரபா அம்மையார் வாளா இருக்கவில்லை. தமக்கு அறிமுகமான ஒருவர் வாயிலாக, மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராய் அவர்களிடம் செய்தியைக் கொண்டு சேர்த்தார். முதலமைச்சர் எடுத்த வரையில் படத்தைப் பார்த்து, அரசாங்கப் பொருளுதவிக்கு இசைந்தார். திரைப்படத்திற்குப் பொருள் வழங்க அரசாங்கத்தில் துறை ஏதும் இல்லை. படத்தின் பெயரில் 'பாதை' என்னும் சொல் இருந்தமையால், அத்தொகை சாலை முன்னேற்றக் கணக்கில் எழுதப்பட்டதாம்! குடும்பம் ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே முன்னேறுவதாக முடிவை மாற்றலாமே என்றும் அதிகாரிகள் சிலர் யோசனை கூறினர். பணம் கைக்கு வரவேண்டிய நேரத்திலும் ரே அதற்கு உடன்படவில்லை.

நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தைச் சேர்ந்த மன்றோ வீலர் என்பவர் 1954 இல் கல்கத்தா வந்தபோது, இப்படத்தின் நிழற்படங்களைக் கண்டு, தம் கலைக்கூடத்தில் அதனைக் காட்ட விரும்பினார். நாள் குறிக்கப்பட்டுவிட்டது, வேலையோ மலைபோல் இருந்தது. இரவிசங்கர் ஓர் இரவில் அமர்ந்து இடைவிடாது சித்தார் வாசித்து இசையை முடித்துக் கொடுத்தார். படத்தொகுப்பாளரும் ரேயும் பல இரவுகள் உறங்கவில்லை. தம் படத்தைத் தாமே ஒருமுறை முழுதும் பார்க்க நேரமின்றி அதனைப் பெட்டியில் வைத்து அனுப்பினர்.

1955 மே மாதம் நியூயார்க்கிலும், ஆகஸ்டு 26 ஆம் நாள் கல்கத்தாவிலும் படம் காட்டப்பட்டது. கல்கத்தாவில் முதல் இரு வாரங்கள் கூட்டம் குறைவாகவே இருந்தது. பின்னர்க் கண்டவர் சொல்லக் கேட்டு மக்கள் திரண்டனர். கொட்டகை நிரம்பி வழிந்தது. அரசாங்கத்தார் போட்ட பணம் பன்மடங்காகத் திரும்பிற்று. அவ்வாண்டின் சிறந்த படத்திற்குரிய குடியரசுத் தலைவர் பரிசு அதற்குக் கிடைத்தது. 1956 இல் பிரான்சு நாட்டுக் கான் நகரத் திரைப்பட விழாவில், மனித வாழ்வைச் சிறப்பாகக் காட்டிய படம் என்னும் பரிசையும் பெற்றது. அதன் பின்னரே ரே விளம்பர வேலையைத் துறந்தார்.

அப்புவின் கதையை 'அபராஜிதோ', 'அப்புர் சன்சார்' என்னும் வேறு இரு படங்களில் அவர் முடித்தார். அவற்றுள் முன்னது 1957 இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கப் பரிசைப் பெற்றது. தொடர்ந்து எடுத்தவற்றுள் 'ஜல்சாகர்', 'மகாநகர்', 'சாருலதா' என்பன புகழ் வாய்ந்தவை. குறும்படங்களும் செய்திப்படங்களும் உட்பட 36 படங்களை அவர் இயக்கினார். 1961 இல், நின்றுபோயிருந்த பாட்டனாரின் 'சந்தேஷ்' இதழை நண்பர் ஒருவருடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். அதில் வெளியிடுவதற்காகவே சிறுவர் கதைகள் எழுதலானார். பெலுதா என்னும் துப்பறிவாளரை வங்கச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்தது அவ்விதழே. பாட்டனார் எழுதிய ஒரு கதையைப் படமாகவும் எடுத்தார். தந்தையைக் கண்டறியாத மகன், குடும்பத்தின் இழந்த செல்வத்தை இவ்வாறு மீட்டுக்கொண்டார்.

கப்பலில் பிறந்த எண்ணத்தை வளர்த்த அப்பட ஏட்டை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை; பாரிஸ் நகரத்துத் திரைப்படக் காப்பகத்திற்கு அளித்துவிட்டார்.

1992 இல் அவர் இதயநோயால் கல்கத்தா மருத்துவமனை ஒன்றில் கிடந்தபோது, அமெரிக்கத் திரைக்கலைக் கழகத்தார் அவருடைய வாழ்நாள் பணிக்காக ஆஸ்கார் பரிசை வழங்கினர். எழுந்து செல்ல இயலாத நிலையில், படுக்கையில் சாய்ந்தவாறே பரிசைக் கையில் ஏந்தி, சிறுவயதில் பார்த்த அமெரிக்கப் படங்களைப் பற்றியும், ஹாலிவுட் நடிகையர்க்குத் தாம் எழுதிய கடிதங்களைப் பற்றியும் மெல்லிய குரலில் பேசினார். பாரத ரத்தினா விருதும் அவ்வாண்டிலேயே அவருக்கு அளிக்கப்பட்டது. ஏப்ரல் 23 ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். நந்தன் என்னும் திரைப்பட மாளிகையில் அவர் உடல் வைக்கப்பட்டிருந்தது; கல்கத்தா மக்கள் நெடுவரிசையில் நின்று அவரை இறுதியாகக் கண்டு சென்றனர். அம்மாளிகையின் சின்னத்தை வரைந்தவரும் அவரே.